நிகோநிகோ, நியாநியா, கெராகெரா: ஜப்பானியச் சிரிப்புச் சொற்களை எப்படிப் பிரித்துப் படிப்பது?

பாலக்கோடு நர்ஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு பக்கம். ஜிஎன்எம் முடித்து, தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு, கைகோ என்பார்களே, அதற்குப் போகவேண்டும் என்று படிக்கிறேன். வருகிற டிசம்பரில் ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதுகிறேன். அது முடிந்ததும் கைகோ திறன் தேர்வு, கைகோ மொழித் தேர்வு இரண்டும் இருக்கின்றன.

இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. வினை கடைசியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகினதுதானே. சொற்கள்தான் படுத்துகின்றன. அதிலும் இந்தச் சிரிப்பு.

வராவு என்றால் சிரி. ஹொஹொஎமு என்றாலும் சிரி. எகாவோ சிரித்த முகம். இதுவரைக்கும் பரவாயில்லை. அப்புறம் வரிசையாக வருகின்றன: நிகோநிகோ, நிக்கோரி, நியாநியா, குசுகுசு, ஹெராஹெரா, கெராகெரா. இந்தக் கெராகெராவிலேயே இரண்டு இருக்கின்றன, எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. வகுப்பில் எல்லாவற்றுக்கும் எதிரே ‘சிரி’ என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

நைட் டூட்டியில் டிரிப் பாட்டில் மாற்றிவிட்டு வந்து உட்காரும்போது நோட்டை எடுத்துப் படிக்கிறேன். அப்போது தெரிகிறது. காலையில் பாலக்கோடு பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் நிகோநிகோவும் நியாநியாவும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகின்றன.

பரீட்சைக்கு மட்டும் கேட்கவில்லை. அங்கே போனால் நாள் முழுக்கப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் வேலை. ஒரு பாட்டி சிரித்தார் என்று நான் எழுதினால் அது எந்தச் சிரிப்பு என்று படிக்கிறவருக்குப் புரியவேண்டும். இதைப் படித்துக் கடந்தவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓசூர் மாணவன்:

அக்கா, அன்கி ஆப்பில் கார்டு போட்டுவிடுங்கள். தினமும் அது கேட்கும், மறந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டும். என்4க்கு வராவு தெரிந்தால் சமாளித்துவிடலாம். 2010இல் தேர்வை மாற்றினதிலிருந்து அதிகாரப்பூர்வமான சொற்பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. அதனால் எது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மற்றவற்றை அடுத்த நிலையான என்3 படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தென்பெண்ணைக்கரை:

தங்கச்சி, நல்ல கேள்வி. எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். ஐச்சி மாகாணத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஓசூரில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறேன். ஜப்பானிய இன்ஜினியருக்கும் நம் லைன் சூப்பர்வைசருக்கும் நடுவில் நிற்பதுதான் என் பிழைப்பு. அங்கே சொல்லைவிட முகத்தைத்தான் அதிகம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் இதில் எனக்கு அக்கறை உண்டு.

தம்பி சொன்ன கார்டு முறை கெடுதல் இல்லை. ஆனால் கார்டின் பின்பக்கம் ‘சிரி’ என்று எழுதினால் நோட்டில் இருக்கிற அதே சிக்கல்தான். இந்தச் சொற்களைப் பொருளாக எடுத்துக்கொள்ளாமல் சத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். இவை ஜப்பானியர்களின் இரட்டைக்கிளவி. தமிழ் பேசுகிறவருக்கு இது பிறந்த வீட்டுச் சொத்து.

‘கலகலவென்று சிரித்தாள்’, ‘களுக்கென்று சிரித்தாள்’. இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது நீண்டுகொண்டே போகிற சிரிப்பு. இரண்டாவது ஒரே ஒரு தடவை வந்து அடங்கியது. ஜப்பானிய மொழியிலும் இதே கணக்குதான். இரட்டித்து வந்தால் தொடர்ந்து நடக்கிறது: நிகோநிகோ என்றால் முகம் மலர்ந்தபடியே இருக்கிறது. ‘ரி’யில் முடிந்தால் ஒரு தடவை: நிக்கோரி என்றால் பார்த்ததும் சட்டென்று ஒரு புன்னகை. நியாநியாவுக்கும் இப்படியே நியாரி உண்டு. அந்த ‘வென்று’ கூட அங்கே இருக்கிறது. நிக்கோரி தோ வராவு என்பார்கள். யாரோ சொன்னதை எடுத்துச் சொல்லும்போது நாம் ‘என்று’ போடுகிறோமே, அந்த வேலையைச் செய்கிற அதே ‘தோ’தான் இங்கே சத்தத்துக்குப் பின்னாலும் வருகிறது. ஆங்கிலம் வழியாகப் படித்தால் இது கண்ணில் படவே படாது. உங்கள் நோட்டில் ஆங்கில அர்த்தம் இருந்தால் அடித்துவிட்டுத் தமிழில் எழுதுங்கள்.

நியாநியா வேறு சாதி. அது நமட்டுச் சிரிப்பு. உள்ளே எதையோ வைத்துக்கொண்டு உதட்டோரம் விடுகிற சிரிப்பு. யாரையும் பாராட்டி நியாநியா என்று சொல்லமாட்டார்கள். ஹெராஹெராவும் அப்படித்தான், அசட்டுச் சிரிப்பு. வேலையிடத்தில் பெரியவர் ஒருவர் “ஹெராஹெரா சுருனா” என்றால் பல்லைக் காட்டாதே என்று அதட்டுகிறார். நமக்குப் பதற்றம் வந்தால் சிரிப்பும் கூடவே வரும், தெரியும்தானே? அங்கே திட்டு வாங்கும்போது அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். குசுகுசு என்பது வாயைப் பொத்திக்கொண்டு அடக்கிச் சிரிப்பது. நாம் குசுகுசுவென்று பேசுவதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம், இரண்டிலும் சத்தம் அடங்கித்தான் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு கெராகெரா. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஏனென்றால் ‘கடல்’ என்னும்போது வருகிற வலிந்த க, ‘பகல்’ என்னும்போது வருகிற மெலிந்த க, இரண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் வலிந்தும், நடுவில் தனியாக வந்தால் மெலிந்தும் நாக்கு தானாகவே போய்விடுகிறது. ஜப்பானிய மொழியில் அது தானாகப் போகக்கூடாது. வலிந்த கெராகெரா மெல்லிய, உயர்ந்த குரலில் சந்தோஷமாகச் சிரிப்பது. தலையில் கோடு போட்ட மெலிந்த கெராகெரா வாயைத் திறந்து, சுற்றி இருப்பவர்களைப் பொருட்படுத்தாமல் சத்தமாகச் சிரிப்பது. நம் வாயில் வருவதோ முதல் எழுத்து வலிந்து, நடு எழுத்து மெலிந்து, இரண்டிலும் சேராத ஒன்று. எதிரே இருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

நிகோநிகோவில் இன்னும் ஒரு சங்கடம். நடுவில் இருக்கிற ‘கோ’வை நம் வழக்கப்படி விட்டால் மெலிந்துவிடும். மெலியக்கூடாது என்று அழுத்தினால் ‘நிக்கோ’ ஆகிவிடும். அந்த ‘க்’ நிக்கோரிக்குச் சொந்தமானது. இரண்டுக்கும் நடுவில், அழுத்தாமல், ஆனால் வலித்துச் சொல்லவேண்டும். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த க சொல்லும்போது தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். வலிந்த க வரும் இடத்தில் அதிர்வு ஒரு கணம் நிற்கும். நின்றால் சரி.

இது சிரிப்போடு முடிகிற விஷயமும் இல்லை. இரட்டைக்கிளவிகளில் கோடு போட்ட எழுத்து வந்தால் கனம், பெரிசு, முரடு என்று ஒரு சாயல் வரும். கொரோகொரோ என்றால் சின்னக் கல் உருள்வது. முதல் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் மெலித்தால் பாறை உருள்வது, இடி உருமுவது. சிரிப்பில் காது பழகிவிட்டால் வலியைச் சொல்கிற சொற்களும் சீக்கிரம் பிடிபடும். நர்ஸுக்கு அது முக்கியம். ஆகவே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதை இன்றோடு நிறுத்திவிட்டு ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்திலேயே எழுதுங்கள்.

‘வராய்’ (சிரிப்பு) சேர்ந்து வரும் கூட்டுச்சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நிகவராய். கசப்புச் சிரிப்பு. ஒருமுறை விலை பேசுகிற கூட்டம். பொருள் கொடுப்பவர் பக்கத்து ஆள், நம்மூர்க்காரர், தன் விலையைச் சொன்னார். ஜப்பானிய மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார், பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார், சிரித்தார். “சொத்தோ...” என்று இழுத்து அதோடு விட்டுவிட்டார். நம்மவர் என் காதில், “சிரிச்சுட்டாருங்க, படிஞ்சிடுச்சு” என்றார். படியவில்லை. ‘கொஞ்சம்...’ என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று பொருள். அந்தச் சிரிப்பு, முடியாது என்பதை வாயால் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சங்கடம். அதுதான் நிகவராய். இதைக் கார்டில் எழுதிப் படிக்க முடியாது. அந்தத் தலைச்சாய்ப்போடும் மூச்சோடும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும்.

அரூர் அக்கா:

அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு ஷிசுவோகாவிலிருந்து எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் கைகோ வேலைதான் எனக்கும். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் தொகுதேய் கினோ (குறிப்பிட்ட திறன் வேலைக்காரர்களுக்கான விசா) ஒப்பந்தம் போட்டதற்கு அப்புறம் திறந்த வழியில் வந்தவள்.

பாப்பா, முதலில் எகாவோவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். இங்கே ஒவ்வொருவருக்கும் தினசரிக் குறிப்பு எழுதவேண்டும். அதில் அடிக்கடி வருகிற வாக்கியம், “எகாவோ கா மிராரெமஷ்தா”. சிரித்த முகம் காணப்பட்டது. அவர் சந்தோஷமாக இருந்தார் என்று எழுதமாட்டார்கள். மனசுக்குள் என்ன என்று நமக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுது என்பார்கள். நம் நர்ஸிங் சார்ட் எழுதிப் பழகின கைக்கு இது சுலபமாக வரும். எதிர்ப்பக்கம், “ஹியோஜோ கா கதாய்”, முகம் இறுகியிருக்கிறது. இந்த இரண்டு வாக்கியமும் தெரிந்தால் முதல் வாரக் குறிப்புகள் பாதி ஓடிவிடும். நியாநியாவைக் குறிப்பில் எழுதிவிடாதே. வீட்டார் கேட்டால் அந்தக் குறிப்பைக் காட்டவேண்டியிருக்கும்.

அடுத்தது, யாராவது “ஹிசா கா வராத்தெரு” என்றால் நீயும் சேர்ந்து சிரிக்காதே, ஓடிப் போய்க் கையைப் பிடி. முழங்கால் சிரிக்கிறது என்று சொல்கிறார்கள். கால் வலுவிழந்து வெடவெடவென்று ஆடுகிறது என்று பொருள். நம்ம தீர்த்தமலை ஏறி இறங்கினால் கடைசிப் படியில் முட்டி ஆடுமே, அதுதான். இளவயசுக்காரர்கள் மலை இறங்கிவிட்டுச் சொல்வது. தொண்ணூறு வயசுப் பாட்டி நாற்காலியிலிருந்து எழும்போது சொன்னால் அடுத்த நொடி விழுந்துவிடலாம்.

“மே கா வராத்தே இனாய்” என்றும் சொல்வார்கள். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. அதாவது போலிச் சிரிப்பு. நாங்கள் பெரும்பாலும் மாஸ்க்கோடுதான் வேலை செய்கிறோம், அதனால் பெரியவர்களுக்கு எங்கள் முகத்தில் தெரிவது கண் மட்டும். இங்கே வந்து நான் முதலில் பழகினது கண்ணால் சிரிப்பதைத்தான்.

இன்னொன்று, தெரெவராய். கூச்சச் சிரிப்பு. படுக்கை நனைந்துவிட்டால் சில பாட்டிகள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவமானத்தை மறைக்கிற சிரிப்பு அது. பதிலுக்கு நாம் சிரித்தால் அவர்களுக்கு அது “வராவரெதா”, என்னைப் பார்த்து சிரித்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். சாதாரணக் குரலில் “உடையை மாற்றிக்கொள்ளலாமா” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கவேண்டும். சில பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரிப்பார்கள். பழசை நினைத்துச் சிரிப்பதற்கென்றே ஒமொய்தாஷிவராய் என்று சொல் வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்பேன். சொல்ல ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு வரை போகும். எனக்கு ஜப்பானிய மொழி வந்ததே அந்தக் கதைகளில்தான்.

பாலக்கோடு நர்ஸ்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முழங்கால் விஷயத்தை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

அண்ணா, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். எனக்கு மெலிந்த க முதலில் வருவது கஷ்டமாக இல்லை. எங்கள் அஜ்ஜி (பாட்டி) தளி பக்கம், வீட்டில் கன்னடம்தான் பேசுவார். அதனால் காது பழகியிருக்கலாம். நடுவில் வரும் வலிந்த க தான் நழுவுகிறது.

அக்கா சொன்ன வராவரெதாவில் ஒரு சந்தேகம். ‘பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்’ என்று நல்லவிதமாகச் சொல்லவேண்டும் என்றால் எப்படிச் சொல்வது?

தென்பெண்ணைக்கரை:

அரூர் தங்கச்சி எழுதினதில் பாதி எனக்கே புதுசு. தொழிற்சாலையில் யாரும் அப்படிக் குறிப்பு எழுதுவதில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். தமிழில் ‘என்னைப் பார்த்துச் சிரித்தார்’ என்றால் அன்பாகவும் இருக்கலாம், கேலியாகவும் இருக்கலாம். இடத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம். ஜப்பானிய மொழியில் வினையே பிரித்துவிடும். வராவரெதா என்றால் நான் சிரிப்புக்கு ஆளானேன், எனக்கு வருத்தம். “வராய்ககெதே குரெதா” என்றால் என் பக்கம் திரும்பிச் சிரித்தார், அது எனக்குக் கிடைத்த நல்லது. குரெரு என்பது ‘எனக்குக் கொடு’. அந்தச் சிரிப்பை அவர் எனக்குக் கொடுத்தார் என்கிற தொனி அதில் வந்துவிடுகிறது. ஒரு மனிதரை ‘ஓ’ உருபு போட்டு “ஹிதோ ஓ வராவு” என்றால் அது கேலிதான், அதில் நல்லவிதம் கிடையாது. பாட்டி விஷயத்தில் வராய்ககெரு போடுங்கள், இல்லையென்றால் நிக்கோரி போடுங்கள்.

அஜ்ஜி கன்னடம் பேசுவார் என்றீர்களே, அது பெரிய வசதி. நம் இரண்டு மாவட்டத்திலும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் எத்தனை! படிக்க வருகிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கன்னடத்தில் கஹகஹிசி நகு என்றால் வாய்விட்டுச் சத்தமாகச் சிரிப்பது, அங்கே முதல் க மெலிந்தது. கிலகில என்றால் சின்னச் சிரிப்பு, அங்கே க வலிந்தது. இரண்டு கெராகெராவும் அப்படியே இதில் உட்கார்ந்துவிடுகின்றன, பார்த்தீர்களா? கிலகிலவின் நடுவில் வரும் கி மெலியாமல்தான் வருகிறது. நிகோநிகோவின் நடுவில் உங்களுக்கு வேண்டிய ஒலி அதுதான். அஜ்ஜியைச் சொல்லச் சொல்லி, அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை திருப்பிச் சொல்லுங்கள்.

கன்னடத்து நகுவும் நம் பழந்தமிழ் நகுவும் ஒன்றுதான். தமிழில் நகு என்றால் சிரி, பூ மலர் இரண்டும் உண்டு. ஜப்பானியர்கள் பூப்பதற்கு எழுதுகிற காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்து), வாய்க் குறி பக்கத்தில் இருக்கிற ‘சகு’ என்ற எழுத்து, ஆதியில் சிரிப்பைக் குறித்ததுதான். 712இல் தொகுத்த கொஜிகியில், குகைக்குள் ஒளிந்துகொண்ட சூரியதேவி அமதெராசுவை வெளியே வரவழைக்க ஒரு தேவதை ஆடுகிறாள், கூடியிருந்த தேவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு எழுதியிருப்பது இந்தப் பூக்கிற எழுத்துதான். இது பரீட்சைக்கு வராது. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக பகுஷோ. இன்டர்நெட்டில் நிறையப் பார்ப்பீர்கள். இப்போது ஒரே ஆள் வெடித்துச் சிரித்தாலும் சொல்கிறார்கள், ஆனால் பழைய அகராதிக் கணக்கில் அது ஒரு கூட்டமே சேர்ந்து குபீரென்று சிரிப்பது. பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். நடுராத்திரி தாண்டி ஜனங்கள் தூங்கி வழிகிற நேரத்தில் கட்டியங்காரன் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவரைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்வான். பாயில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். அது பகுஷோ. அதே மேடையில் துரியோதனன் கிரீடத்தோடு வந்து, தலையைப் பின்னால் சாய்த்து ஹாஹாஹா என்று சிரிப்பானே, அது தகாவராய்.

கெராகெரா இரண்டையும், நிகோநிகோ, நிக்கோரியையும் போனில் பதிவு செய்து இங்கேயே போடுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து கேட்டுவிட்டு எந்த இடத்தில் நழுவுகிறது என்று சொல்கிறேன். அஜ்ஜி குரலும் இருந்தால் இன்னும் நல்லது.